இன்னும் ஒருவர்

இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொள்ள தஸ்லீமாவிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பார்வையில்லாத மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் தேடிக் கொடுக்கும் சின்ன இணையதளம் ஒன்றை இருவரும் திருச்சியிலிருந்து கவனித்துக்கொண்டார்கள். போன வருடம் பதிவின் கடைசி நாளில் கூட்டம் தாங்காமல் தளம் விழுந்தது. இந்த வருடம் இருதயராஜே முன்வந்து லோட் பேலன்சர் அமைத்தார். வருகிறவர்களைப் பிரித்து பழையதும் புதியதுமான இரண்டு சர்வர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு அது.

கடைசி நாளும் வந்தது. மதியத்துக்குள் எண்ணூறு பேர் வந்து போனார்கள். தளம் அசையவில்லை.

"கை தேர்ந்துட்டீங்க சார்," என்றாள் தஸ்லீமா. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டரை மணிக்குப் பழைய சர்வர் திணறத் தொடங்கியது.

"புதுசா யாரையும் அதுக்கு அனுப்பாம பண்ணிட்டேன் டீச்சர். உள்ள இருக்கிறவங்க முடிச்சதும் நிறுத்திச் சரி பண்ணிடலாம்."

உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். இருபதானார்கள். மூன்று பேர் ஆனார்கள். நான்காவது நிமிடத்தில் ஒருவர்தான் மிச்சம். அந்த ஒருவர் போகவில்லை.

"அஞ்சு நிமிஷம்னு வச்சிருக்கேன். அதுக்கு மேல லோட் பேலன்சரே துண்டிச்சிடும்."

தஸ்லீமா குனிந்து ஐந்தை அழித்து அறுபது என்று போட்டாள்.

"திறந்து வச்சிட்டு எங்கயாவது போயிருப்பாங்க டீச்சர்."

சர்வரின் குறிப்புகளைக் காட்டினாள். அந்த ஒருவரின் பெயர் பதிவாகியிருந்தது. நான்கு நிமிடம் கழித்துப் பள்ளி. அதற்கும் ஆறு நிமிடம் கழித்துப் பாடம்.

"துண்டிச்சாலும் இன்னொரு சர்வருக்குத்தானே போவாங்க?"

"அவங்க போவாங்க. எழுதினது போகாது, துண்டிச்சதும் அழிஞ்சிடும்."

"பன்னிரண்டு கேள்விதானே, மறுபடி எழுதிக்கலாம். ஒருத்தருக்காக இவ்வளவு நேரமா?"

தஸ்லீமா அவருடைய கம்ப்யூட்டரில் அதே படிவத்தைத் திறந்தாள். திரையை அணைத்தாள். மவுஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஹெட்போனை அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க சார்."

காதில் ஒரு குரல் கட்டங்களைப் படித்தது. தன் பெயரைத் தட்டினார். சரியாக விழுந்ததா தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதே புரியாமல் பத்து நிமிடம் போனது. வழிக்கு வந்து ஏழாவது கேள்வியைத் தொட்டபோது ஏதோ பொத்தானில் விரல் பட்டது. குரல் மறுபடி முதல் கேள்வியைப் படித்தது. எழுதியது எதுவும் இல்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

"அவங்க முடிச்சிட்டாங்க," என்று தோளைத் தொட்டாள் தஸ்லீமா. "மொத்தம் நாப்பத்தோரு நிமிஷம். பழைய சர்வரை நிறுத்திட்டேன்."

ஹெட்போனைக் கழற்றினார். ஊருக்குப் போக மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவள் காலையில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"டீச்சர், இனிமே எத்தனை நிமிஷம்னு வைக்கட்டும்?"

"நீங்க எத்தனாவது கேள்வியில இருக்கீங்க?"

"மூணாவது."

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதி முடிங்க சார். நான் இருக்கேன்."