ராஜவம்சத்தில் பிறந்த குல்லா

முன்னொரு காலத்தில், மார்கழிப் பனி அரண்மனை என்றும் பார்க்காமல் உள்ளே புகுந்துவிடும் ஒரு மலைநாட்டில், ராஜா ஒருவர் இருந்தார். குதிரை வியாபாரி ஒருவன் அவருக்குச் சரிகைக் குல்லா ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் அரைநாள் நின்ற ராஜா, சபைக்கு ஒரு சந்தேகத்தோடு வந்தார்.

"குல்லா, குல்லா என்கிறோமே, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?"

ஆஸ்தானப் புலவர் 'சொற்கடல்' மகுடேசனார் எழுந்தார். அவர் எழுந்தால் உட்கார நேரமாகும் என்பதால் பலர் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"மகாராஜா! குலத்தை ஆள்பவர் அணிவது 'குலாள்'. அது தேய்ந்து குல்லா ஆயிற்று. தங்கள் கொள்ளுத்தாத்தா தொட்டிலில் கிடந்தபடி முதன்முதலில் திருவாய் மலர்ந்த சொல்லும் இதுவே. ஆகவே தங்களைத் தவிர வேறு எவரும் குல்லா அணிவது ராஜதுரோகம்!"

சொல்லிவிட்டு விகடன் குப்பாண்டியின் தலையை ஓரக்கண்ணால் பார்த்தார். குப்பாண்டிக்கு முழு வழுக்கை. கம்பளிக் குல்லாவைக் கழற்றினால் தும்மல் வரும். வந்தால் இருபதுக்குக் குறையாது. ராஜாவின் முன் மூன்று தடவைக்கு மேல் தும்முகிறவனுக்குச் சபையில் இடமில்லை என்பது அந்த நாட்டுச் சட்டம். அவன் வேலை போக வேண்டும், அவ்வளவுதான் புலவருக்கு. ராஜா இவருடைய செய்யுளுக்குத் தூங்குவார்; குப்பாண்டியின் பேச்சுக்கு விழித்துக்கொள்வார். எந்தப் புலவர்தான் பொறுப்பார்?

"நாளை முதல் அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குப்பாண்டி கைகூப்பினான். "அற்புதம் புலவரே! ஒரே ஒரு சின்னக் கேள்வி. ராஜாவின் முன்னோர் திருவாயில் பிறந்த சொல்லை, வெற்றிலை குதப்புற எங்க வாயால சொல்லலாமுங்களா?"

புலவர் பூரித்துப் போனார். "கூடவே கூடாது! மன்னரைத் தவிர எவன் சொன்னாலும் வாயைத் துணியால் கட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு நாள்!"

"அதையும் சேர்த்துத் தண்டோரா போடுங்கள்" என்றார் ராஜா.

மறுநாள் குப்பாண்டி அதே கம்பளிக் குல்லாவோடு வந்து நின்றான்.

"பார்த்தீர்களா மகாராஜா, இவன் திமிரை!" என்று துள்ளினார் புலவர்.

ராஜா வாய் திறப்பதற்குள் சபை ஓலைக்காரர் நல்லதம்பி கனைத்தார். "மன்னிக்கணும் மகாராஜா. தீர்ப்புச் சொல்றவங்க புகார் சொல்லப்படாது. புகார் கொடுக்கிறவர் குற்றப்பொருளின் பெயரை மூணு தடவை உரக்கச் சொன்னால்தான் நான் ஓலையில் ஏத்த முடியும். அதுதான் நம்ம சபை வழக்கம். சொல்லுங்க புலவரே, இவர் தலையில என்ன இருக்கு?"

புலவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"அது... அதுதான்."

"'அதுதான்'னு எழுத முடியாதுங்க."

"உருண்டையாக இருக்கும். கம்பளி. உச்சியில் குஞ்சம்."

"ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டியை எவனய்யா தலையில் வைப்பான்? இது கவிழ்த்து வைப்பது!"

"அப்போ, சட்டி."

"எனக்கும் பேர் தெரியலீங்க" என்றான் குப்பாண்டி, பரிதாபமாக. "சொற்கடலுக்கே ஒரு சொல் அகப்படலைன்னா நான் எங்கே போய்த் தேடுவேன்?"

சபை களுக்கென்று சிரித்தது. புலவருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"யாருக்கடா அகப்படவில்லை? குல்லா! குல்லா! குல்லா!"

"புகார் பதிவாச்சு" என்றார் நல்லதம்பி. அதே மூச்சில், "மூணு நாள்" என்று காவலனுக்குக் கைகாட்டினார். புலவரின் வாய் கட்டப்பட்டது. "இனி நீங்க வாதாடலாம் புலவரே."

"ம்ம்ம்! ம்ம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வாதம் விளங்கவில்லை. வழக்குத் தள்ளுபடி! நேற்றுப் போட்ட இரண்டு ஆணையும் தள்ளுபடி! யார் வேண்டுமானாலும் போடட்டும், சொல்லட்டும். சரி குப்பாண்டி, நிஜமாகவே அந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது?"

"தூரதேசத்து வியாபாரிங்க தலையில உட்கார்ந்து வந்துச்சு மகாராஜா. சாமான் இறங்கினப்போ பேரும் கூடவே இறங்கிடுச்சு. நம்மாளுங்க பனிக்குப் போட்டாங்க, பகட்டுக்குப் போட்டாங்க, பச்சைப்பிள்ளைக்கும் போட்டாங்க. அப்புறம், பெரிய மனுஷங்களைப் புகழ்ந்து காரியம் சாதிக்கிறதுக்கும் 'குல்லா போடுறது'ன்னு பேர் வெச்சாங்க. அந்த ஒரு அர்த்தம் மட்டும் இந்தச் சபையிலதான் பிறந்திருக்கணும்."

"அப்படியா? யார் தலையில் போட்டார்கள்?"

குப்பாண்டி மரியாதையாக ராஜாவின் தலையைப் பார்த்தான். சபையும் பார்த்தது. எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துச் சற்று நேரம் கழித்து ராஜாவுக்கும் விளங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் கிறீச்சிட்டது. குப்பாண்டிக்கு இரண்டு கறவைப் பசுக்கள் பரிசாகக் கிடைத்தன.

"ஆணைதான் தள்ளுபடி ஆயிற்றே, புலவரின் கட்டை அவிழ்க்கலாமா?" என்று ராஜா கேட்டார்.

சபையில் ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளில், ஒரு வருஷமாகத் தேங்கிக் கிடந்த சபைவேலை அத்தனையும் முடிந்துபோயிற்றாம்.