வேப்பமரத்து மேல்வீடு

கடைத்தெருவில் வண்டி ஓடக்கூடாது, சனம் நடக்கத்தான் தெரு; கீழே கடை வைத்தால் மேலே குடித்தனம் இருக்கவேண்டும் என்று நகராட்சி ஆணையர் சட்டம் போட்டார். போட்ட கையோடு, வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கும் சொர்ணத்தாயிடம் வந்து நின்றார்.

"கீழ கடை சரி. மேல வீடு எங்கம்மா? இல்லேன்னா வண்டியைக் கிளப்பு!"

சொர்ணத்தாய் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மரத்தின் உச்சியைக் காட்டினாள். அங்கே ஒரு காக்கைக் கூடு.

"காக்கா இருந்தா அது குடித்தனமா?" ஆணையர் சீறினார்.

"என்னங்கய்யா இப்படிக் கேக்கீக? போன அமாவாசைக்கு உங்க பங்களா மதில்ல சோத்தை வச்சுட்டு, இதே காக்காவைத்தானே 'அப்பா, வாங்கப்பா'ன்னு கெஞ்சினீக? காலி பண்ணணும்னா நீங்களே உங்க அப்பாகிட்ட சொல்லிருங்க."

ஆணையர் அண்ணாந்தார். காக்கை தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது.

மறுநாள் காலை, வேப்பமரத்தில் புத்தம்புதிய கதவு எண் தொங்கியது.