பந்தியில் நீண்ட கை

மாங்கோட்டை ராஜா திருவேங்கட பூபதிக்குப் புதுச் சாமான் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பசி தூக்கம் மறந்துவிடும். அதிலும் அவர் பசியை மறந்து பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு நாள் சீமைச் சாமான் விற்கிற வியாபாரி சபைக்கு வந்து இரண்டு கைக்கடிகாரங்களை எடுத்து வைத்தான். ஒன்று சாதாரணம். வெள்ளை முகம், இரண்டு முள், அவ்வளவுதான். மற்றது பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அதில் திசை காட்டும் முள் உண்டு. வளர்பிறை தேய்பிறை உண்டு. ஒரு பக்கம் அமுக்கினால் குட்டி விளக்கு எரியும், மறுபக்கம் அமுக்கினால் பாட்டுப் பாடும். நகம் வெட்ட ஒரு கத்திகூட உள்ளே மடங்கிக் கிடந்தது.

ராஜா வாயைப் பிளந்துவிட்டார். "அடடா! இதுவல்லவோ கடிகாரம்!"

"மகாராஜா கைக்கென்றே பிறந்தது!" என்றார் தளவாய் வீரபத்திரர். ராஜா தும்மினால்கூட இது என்ன ராகம் என்று உருகுகிற ஆசாமி அவர்.

ராஜாவுக்கு யோசனை சொல்வது நல்லபெருமாளின் உத்தியோகம். அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு மகாராஜா. மணி எங்கே இருக்கு?"

இருந்தது. நிலாவுக்குப் பக்கத்தில், கடுகளவு வட்டத்தில், கண்ணுக்கே தெரியாத இரண்டு முள்! சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"பொறாமை, மகாராஜா!" என்று தளவாய் எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டார்.

"அப்படியா? ஓய் நல்லபெருமாள், இதைத்தான் வாங்கப்போகிறேன். கல்லாற்று ராஜா வீட்டுக் கல்யாணத்துக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு போவேன். அங்கே அத்தனை கண்ணும் என் கையைப் பார்க்கணும். கல்லாற்று ராஜாவே எழுந்து வந்து விசாரிக்கணும். ஆனால் அதுவரைக்கும் நம் ஆள் ஒருத்தரும் கடிகாரத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நாமே சொல்லிக்கொண்டால் கௌரவம் என்னத்துக்கு ஆகும்? இதை நீர் நடத்திக் காட்டணும். இல்லாவிட்டால் உம்முடைய ஆசனம் தளவாயின் மச்சினனுக்கு!"

தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மச்சினனுக்கு அன்று மாலையே ஆள் போய்விட்டது.

நல்லபெருமாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆசனம் போனால் உத்தியோகம் போச்சு, அரண்மனை கொடுத்த வீடும் போச்சு. ராஜாவின் அங்கிக் கையோ விரல் வரை தொங்குகிறது. உள்ளே கடிகாரம் இருப்பதை யார் கண்டார்கள்?

மறுநாள் காலையில் இட்லி விழுங்கக்கூட மனம் வரவில்லை. மனைவி கோமளம் இன்னும் ஒன்று வைக்க வந்தாள். இடது கையை இலைக்கு மேல் நீட்டி மறித்தார்.

"கையை எடுங்க! பட்டினி கிடந்தா மட்டும் ஆசனம் நிலைச்சுடுமா?" என்று அவள் அந்தக் கையையே முறைத்தாள்.

நல்லபெருமாளும் தன் கையைப் பார்த்தார். அப்புறம் பார்க்கணுமே! இட்லிக்கு மேல் இட்லியாக உள்ளே போயிற்று.

கல்யாணத்தன்று ராஜாவின் காதில் ஓதினார். "பந்தியில் இடது கையை இலைக்கு மேலே நீட்டியே வைத்திருங்கள். அங்கி தானே மேலே ஏறிவிடும். கல்லாற்றார் வந்து கேட்கிற வரைக்கும் என்ன ஆனாலும் எடுக்க வேண்டாம்."

"பலே!" என்றார் ராஜா. கல்லாற்று அரண்மனைப் பருப்புப் போளி என்றால் அவருக்கு உயிர். அதற்காகவே காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

பந்தி தொடங்கியது. ராஜா கையை நீட்டினார். சாதம் கொண்டுவந்தவர் குனிந்தார், நீட்டிய கையைப் பார்த்தார், 'வேண்டாமாம்' என்று அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். சாம்பார்க்காரரும் அப்படியே. கூட்டு போயிற்று, அப்பளம் போயிற்று. இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓய்!" ராஜா பக்கத்து இலை நல்லபெருமாளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எனக்கு ஒன்றுமே விழவில்லையே!"

"கையை எடுத்தால் விழும், மகாராஜா. ஆனால் கடிகாரம் அங்கிக்குள்ளே போய்விடும். எது வேணும்?"

அதற்குள் நெய் மணக்க மணக்கப் போளி வந்தது. ராஜா போளியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எடுக்கலாமா? எதிரே கல்லாற்று ராஜா இந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. எடுக்கவில்லை. போளியும் போயே போயிற்று. நல்லபெருமாள் மட்டும், "இங்கே இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்.

பரிமாறினவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாங்கோட்டை ராஜா ஒரு பருக்கை தொடவில்லை என்ற செய்தி இலைக்கு இலை தாவியது. பந்தி முழுக்கக் கழுத்தை வளைத்து அந்தக் கையையே பார்த்தது. கல்லாற்று ராஜா பதறி எழுந்து ஓடிவந்தார்.

"என்ன குறை வைத்தோம்? கையை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்களே! அட, கையில் இது என்ன?"

அவ்வளவுதான். ராஜாவுக்குப் பசியெல்லாம் பறந்தது. விளக்கை எரியவிட்டார், பாட்டைப் பாடவைத்தார், நிலாவைக் காட்டினார், கத்தியை நீட்டினார். கூட்டம் ஆஹா ஆஹா என்றது. இவர் காட்டி முடிப்பதற்குள் பந்தியில் எல்லோரும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"பிரமாதம்! சரி, இப்போது மணி என்ன?" என்றார் கல்லாற்று ராஜா.

ராஜா கையை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். விளக்கை அமுக்கினார், பாட்டு வந்தது.

நல்லபெருமாள் பணிவாகச் சொன்னார். "பந்தி முடிந்த மணி, மகாராஜா."

திரும்பும்போது சாரட்டில் ராஜாவின் வயிறு மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் பார்த்தாயிற்று. அவரே வந்து கேட்டாயிற்று. ஆசனம் உம்முடையதுதான்" என்று ராஜா உறுமினார். "கையை நீட்டினால் சோறு விழாது என்று உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மகாராஜா. அதனால்தான்..." என்று அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார் நல்லபெருமாள். நெய் வடிய வடியப் பருப்புப் போளி!

ராஜா முதல் போளியை முறைத்துக்கொண்டே தின்றார். இரண்டாவதைத் தின்னும்போது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

மறுநாள் அந்த வெள்ளை முகக் கடிகாரத்தையும் வாங்கி அவரே கட்டிக்கொண்டார். நல்லபெருமாளுக்கு முத்துமாலை. தளவாய்க்கும் ஒரு பரிசு உண்டு என்று அரண்மனையில் பெரிய விருந்து வைத்து, உப்பின கடிகாரத்தைத் தன் கையாலேயே அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

தளவாய் பூரித்துப்போனார். இலை போட்டார்கள். பரிமாற ஆரம்பித்தார்கள். சாதம் அவர் பக்கம் வந்தது.

"தளவாய்!" என்றார் ராஜா வாய் நிறையச் சிரிப்போடு. "கையை நீட்டும் ஓய், எல்லாரும் பார்க்கட்டும்!"