கட்டினவன் முதலில் ஏறட்டும்

கடலுக்குக்கூட வேலி கட்டிவிடலாம், ராஜாவின் ஆசைக்குக் கட்ட முடியாது என்று சனங்கள் முணுமுணுக்கும்படி, ரொம்பக் காலத்துக்கு முன்னால் சங்குமுக நாட்டை வெண்திரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் யானை வேண்டும் என்பார், மத்தியானம் மயில் வேண்டும் என்பார், பொழுது சாய்ந்தால் இரண்டையும் காட்டுக்கு விரட்டச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு அக்கரைக் கப்பல்கள் மேல் மோகம் வந்துவிட்டது. சொந்த நாட்டுக் கப்பலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஆற்றுமுகத்தில் கப்பல் கட்டும் துறை ஓய்ந்துபோனது. அங்கே வேலை செய்த தச்சர்களை ஓடாவிகள் என்பார்கள். பாவம், அவர்கள் கட்டிலுக்குக் கால் செதுக்கிப் பிழைத்தார்கள். கடைசியில் தலைவர் மாடக்கண்ணு அமைச்சர் செவ்வந்தியப்பரிடம் வந்து நின்றார்.

"ஐயா, காற்று திரும்பினதும் நாங்கள் எல்லாரும் அக்கரைக்கே போகிறோம். அங்கே கூப்பிடுகிறார்கள். உளி, வாய்ச்சி எல்லாம் மூட்டை கட்டியாச்சு."

செவ்வந்தியப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்கள் போய்விட்டால் நாளைக்கு ஒரு தோணியில் ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஆளிருக்காது. நேரே சபைக்குப் போனார்.

அங்கே துறைமுக அதிகாரி கோனேரிராயர் முந்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "மகாராஜா, தீவுத் திருவிழாவுக்குத் தாங்கள் போக அக்கரையிலிருந்து புதுக் கப்பல் வாங்கியாச்சு. அப்சரஸ் மாதிரி நிற்கிறது, அதற்கு நான் பொறுப்பு! இனி அந்தப் பழைய துறை எதற்கு? எனக்குக் கொடுத்தால் கிடங்கு கட்டிக்கொள்வேன்."

"கொடுத்தால் போச்சு" என்றார் ராஜா.

"மகாராஜா, நம் ஓடாவிகளுக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்" என்றார் செவ்வந்தியப்பர்.

"முதலில் நல்ல கப்பல் ஒன்று கட்டிக் காட்டட்டும், அப்புறம் கொடுக்கிறேன்."

"நீந்தக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் குளத்தில் இறங்கலாம் என்கிறீர்களே!"

சபை சிரித்துவிட்டது. ராஜாவின் மீசை துடித்தது. "ரொம்பப் பேசுகிறீர். நான் தீவுக்குப் புறப்படுகிற நாளுக்குள், அக்கரைக் கப்பலைவிட நம் கப்பல் எந்த விதத்தில் மேல் என்று காட்டும். காட்டாவிட்டால் துறை கோனேரிக்கு. உம்முடைய பதவியும் அவருக்கே."

கோனேரிராயர் காதோரம் வந்து, "அமைச்சரே, கட்டில் கால் தேவைப்பட்டால் சொல்லும், உமக்கும் ஓய்வுகாலம் வருகிறதே" என்று கிசுகிசுத்தார்.

செவ்வந்தியப்பர் தினமும் கரையில் போய் நின்று அந்த அழகுக் கப்பலைப் பார்த்தார். கப்பலில் குறை சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. திருவிழாச் சரக்கெல்லாம் அதில் ஏறியபோது, கோனேரிராயரின் சொந்தச் சரக்கு மட்டும் வேறு தோணிகளில் போய்க்கொண்டிருந்தது.

புறப்படும் நாள் வந்தது. மேளம், சங்கு, ஊரே கரையில். அந்தப் பக்கம் ஓடாவிகள் மூட்டை முடிச்சோடு காற்றுக்குக் காத்திருந்தார்கள். ராஜா கப்பலில் கால் வைக்கப்போகும்போது, செவ்வந்தியப்பர் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தயிர்சாத மூட்டையோடு ஓடிவந்தார்.

"யாருக்கு ஐயா இது?"

"கோனேரிராயருக்கு, மகாராஜா. கட்டினவன் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அடித்தட்டில் உட்கார்ந்து முதல் பயணம் போகவேண்டும், அதற்கப்புறம்தான் உடையவர் ஏறவேண்டும். இது நம் துறை வழக்கம். தங்கள் தாத்தா காலத்திலும் அப்படித்தான். இதைக் கட்டினவர்கள் அக்கரையில் இருக்கிறார்கள். 'நான் பொறுப்பு' என்று வாங்கிவந்தவர் இவர். ராயரே, வீட்டுக்குப் பல்லக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவும் குழந்தைகளும் வந்துகொண்டிருக்கிறார்கள்."

கோனேரிராயரின் முகம் வெளுத்தது. "எ... எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது."

"துறைமுக அதிகாரிக்கா?" என்றார் ராஜா.

"இன்றைக்குச் சூலம் வேறு, மகாராஜா..."

"எனக்கில்லாத சூலமா உமக்கு? ஏறும்!"

தூரத்தில் பல்லக்கு தெரிந்தது. அவ்வளவுதான், கோனேரிராயர் மணலில் தடாலென்று விழுந்தார். "பிள்ளைகளை ஏற்றவேண்டாம் பிரபு! இது கிழட்டுக் கப்பல். அடிப்பலகையைக் கடற்புழு தின்றுவிட்டது. ஓட்டை தெரியாமல் மேலே கீல் பூசி வர்ணம் அடித்திருக்கிறது. தீவு வரைக்கும் தாங்கும் என்றுதான் நினைத்தேன்..."

"திரும்பி வருவதற்கு?"

ராயர் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ராஜா மெல்லத் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மாடக்கண்ணு," என்று கூப்பிட்டார், "நீ கட்டினால் உன் பிள்ளைகளோடு ஏறுவாயா?"

"வேறெப்படி ஏறுவது, மகாராஜா? எங்கப்பன் கட்டின கப்பலில்தான் நானே பிறந்தேன். ஆனால் இந்த வருஷத் திருவிழா தங்களுக்குக் கிடைக்காது. அடுத்த வருஷம்தான்."

ராஜாவுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. இருந்தாலும் தலையாட்டினார். "சரி, கட்டுங்கள்."

"ஒரு கப்பல் போதாது மகாராஜா" என்றார் செவ்வந்தியப்பர். "ஒன்றோடு நிறுத்திவிட்டால் இவர்கள் மறுபடி மூட்டை கட்டுவார்கள். நம் உப்பும் நெல்லும் இனி நம் துறையில் கட்டின கப்பலில்தான் போகவேண்டும் என்று ஆணையிடுங்கள். வருஷா வருஷம் வேலை இருக்கட்டும். முதல் கப்பல் கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். வேலை விட்டுப்போன கை அல்லவா?"

அங்கேயே ஆணை பிறந்தது. அமைச்சருக்குப் பட்டும் முத்துமாலையும் கிடைத்தன. கோனேரிராயருக்கு வேறு பரிசு. துறையிலே உட்கார்ந்து, பலகை இடுக்கு அடைக்கக் குங்கிலியம் இடிக்கவேண்டும். ஓடாவிகள் அன்றைக்கே மூட்டையை அவிழ்த்தார்கள்.

அடுத்த வருஷம் கப்பல் நீரில் இறங்கியது. ஓடாவிகள் குடும்பத்தோடு அடித்தட்டில் ஏறி முதல் பயணம் போய்வந்தார்கள். எல்லாம் உறுதிதான், ஒன்றே ஒன்று தவிர. கப்பல் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. மாடக்கண்ணு தலைகுனிந்தார். செவ்வந்தியப்பர் ராஜாவையே பார்த்தார். இந்த ராஜா என்ன சொல்வாரோ?

வெண்திரையன் தலையைச் சாய்த்துக் கப்பலைப் பார்த்தார். தன் தொப்பையைப் பார்த்தார். சிம்மாசனத்தை வலப்பக்க ஓரத்தில் போடச் சொல்லி, போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். கப்பல் நேரானது.

"பாயை ஏற்றுங்கள், புறப்படலாம்" என்றார் ராஜா. "அடுத்ததை, ஒல்லியான ராஜாவும் ஏறுகிற மாதிரி கட்டினால் போதும்."