எண்பத்து மூன்று கைப்பிடி உப்பு

சைலப்பன் ஆசிரமத்துக் கதவை உதைத்துத் திறந்துகொண்டுதான் உள்ளே வந்தார்.

கிணற்றடியில் உலகம்மை துணி அலசிக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே குரு. சீடரான சைலப்பனைவிடப் பத்து வயது இளையவர். அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். சைலப்பனுக்கு அவர் "அம்மா". இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

"என்னை ஏம்மா அனுப்புனிய?"

"நீங்கதான போணும்னு ஒத்தக்கால்ல நின்னிய."

அது உண்மை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய மடத்தில் தலைமைச் சமையல்காரர் வேலைக்கு அன்று நேர்காணல். அங்கே தினமும் ஆயிரம் பேருக்குப் பந்தி. சைலப்பன் பதினோரு வருடமாக ஆசிரமத்தில் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கிறவர். விருந்தாளி ஒருவர் கூடுதலாக வந்தாலே அவருக்கு அளவு தடுமாறிவிடும்.

ஆனாலும் போனார். முன்னொரு காலத்தில் அந்த மடத்துப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மாவை, பாதிச் சோற்றில் கையைப் பிடித்து எழுப்பிவிட்டிருந்தார்கள். அந்த அடுப்படிக்குப் பொறுப்பாகி, யாரையும் எழுப்பாமல் ஒரு பந்தியாவது நடத்திவிட வேண்டும் என்பது சைலப்பனின் வெறி.

"என்ன கேட்டாங்க?"

"ஆயிரம் பேரு சாம்பாருக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னிய?"

"பன்னெண்டு பேருக்கு ஒரு கைப்பிடி. பெருக்கிப் பாத்துச் சொன்னேன். எண்பத்து மூணு கைப்பிடி."

உலகம்மை துணியைப் பிழிந்தார். சிரிக்கவில்லை.

"கேள்வி கேட்ட மூணு பேருல நடுவுல ஒரு பெரியவர். நாப்பது வருசம் அந்த அடுப்பைப் பாத்தவராம். 'ஆயிரம் பேரும் ஆத்துல போயி வாயை வைக்கவா?'ன்னாரு. மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எங்கம்மாவ எழுப்புன அதே மடம். எந்திரிச்சு வந்துட்டேன்."

"நேர்காணல் முடிஞ்சிட்டா?"

"சாயங்காலம் வரைக்கும் நடக்கும். எவனுக்கு வேணும்?"

உலகம்மை வெயிலைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம் ஆச்சு அண்ணாச்சி" என்றார்.

சைலப்பன் சமைத்தார். அப்படிச் சொல்வதே தப்பு. பருப்பையும் பாத்திரத்தையும் போட்டு அடித்தார். அன்று முருங்கைக்காய்க்கு விழுந்த வெட்டெல்லாம் அந்தப் பெரியவருக்கு உரியவை.

அந்த ஆசிரமத்தில் இலை முன் உட்கார்ந்தால் வாய் திறக்கக் கூடாது. பரிமாறுகிறவர் "உப்பு காரம் சரியா இருக்கா?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். பதினோரு வருடமாக ஒவ்வொரு இலைக்கும் குனிந்து சைலப்பன் அதைக் கேட்டிருக்கிறார். அன்று உர்ரென்ற முகத்தோடு ஊற்றிக்கொண்டே போனார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். உலகம்மை இரண்டாம் முறையும் சாம்பார் வாங்கிப் பிசைந்து, இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்.

கடைசியாகச் சைலப்பன் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். சாம்பாரில் ஒரு கல் உப்புகூட இல்லை.

சோற்றுக் கையோடு முற்றத்துக்கு ஓடினார். உலகம்மை முன்னால் போய் நின்றார்.

"உப்பே போடலம்மா நான். பதினோரு பேரு தின்னிய. ஒருத்தருக்குமா நாக்கு செத்துப்போச்சு? என்னைய வச்சு வேடிக்கை பாத்தியளா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க கேக்கலியே."

  சைலப்பன் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, எண்பத்து மூணு தப்புன்னா, சரி எவ்வளவாம்?"

"தெரியாது."

"அந்தப் பெரியவருக்கு?"

 சைலப்பன் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். முகத்தையும் கழுவினார். கோபம் போகவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றார்.

"இனிமே போனா வேலை குடுப்பாங்களா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றார் உலகம்மை. "உப்பு எவ்வளவுன்னு சொல்லுவாங்க."