சாம்பியின் மூன்று விரல்கள்

மேகம் தரையில் இறங்கி நடக்கிற ஒரு காட்டில், கோடை வந்தால் ஒரே ஒரு குளம்தான் மிஞ்சும். ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். மானும் முயலும் காட்டுப்பன்றியும் அந்தக் குளத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

குளத்தின் எதிர்க்கரையில் ஒரு கரும்பாறை இருந்தது. சாயங்காலம் மூடுபனி பரவியதும் ஒரு கழுதைப்புலி வந்து அந்தப் பாறைமேல் உட்காரும். பனிக்குள் அதன் இரண்டு காதுகள் மட்டும் தெரியும். அது உறுமாது. பாய்ந்து வராது. கூப்பிடும்.

அதன் சொந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. இன்று அது எந்த விலங்கைத் தின்கிறதோ, நாளை அந்த விலங்கின் குரல் அதன் வாயிலிருந்து வரும்.

"அம்மா, இங்கே இருக்கிறேன். கால் மாட்டிக்கொண்டது. வந்து எடுத்துவிடு" என்று குட்டிமுயலின் குரலில் கூப்பிடும்.

பிள்ளை உயிரோடு இல்லை என்று தாய்முயலுக்குத் தெரியும். தெரிந்தும் அது கரையைச் சுற்றிக்கொண்டு நடந்துவிடும். மறுநாள் பனிக்குள் இரண்டு முயல்கள் பேசும்.

அந்தக் காட்டில் வில் பிடிக்கத் தெரிந்தவள் சாம்பி என்ற முசுக்குரங்கு ஒருத்திதான். மூங்கில் வில், மரநாரை முறுக்கிச் செய்த நாண். கழுதைப்புலி வாயைத் திறந்ததும் அவள் அம்பு விடுவாள். அம்பு பாறைக்கு மூன்று முழம் முன்னால் தண்ணீரில் விழும். பனிக்குள் தெரியும் அந்தக் காதுகள் அசையக்கூட அசையாது.

ஒருநாள் சாம்பியின் தங்கை தவிட்டி, பழம் பறிக்கப் போனவள் திரும்பவில்லை. மறுநாள் சாயங்காலம் பாறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அக்கா."

சாம்பி வில்லை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, எனக்குக் குளிர்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து எய்யேன்."

சாம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது அம்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டாள். ஒன்பதும் அதே இடத்தில் தண்ணீரில் விழுந்தன. பாறையிலிருந்து சிரிப்பு வந்தது. தவிட்டி எப்படிச் சிரிப்பாளோ அப்படியே.

அப்போது அவள் பக்கத்தில் முள்ளன் வந்து நின்றான். அவன் ஒரு முள்ளம்பன்றி. நினைத்ததை நேராகச் சொல்லிவிடுவான்.

"சாம்பி, அது ஏன் தினமும் அதே பாறையில் உட்காருகிறது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் அம்பு எவ்வளவு தூரம் போகும் என்று அது பார்த்து வைத்திருக்கிறது. அதற்கு மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வா, பேசவேண்டும்."

இருவரும் மலைக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளத்துக்குப் போனார்கள். அங்கே பனியும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை.

"நாணை எப்படி இழுக்கிறாய், காட்டு" என்றான் முள்ளன்.

சாம்பி அம்பின் வாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பழக்காம்பைக் கிள்ளுவதுபோல் பிடித்து இழுத்தாள். நாண் அவள் மார்புவரை வந்தது. அதற்குமேல் அம்பு விரலைவிட்டு வழுக்கியது.

"கிளையில் தொங்கும்போதும் இப்படித்தான் கிள்ளிப் பிடிப்பாயா?"

"விழுந்து செத்துப்போவேன்!"

"பின்னே எப்படித் தொங்குவாய்?"

சாம்பி தன் கையையே பார்த்தாள். பிறகு மெல்ல மூன்று விரல்களைக் கொக்கிபோல் வளைத்து நாணில் மாட்டினாள். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, அடுத்த இரண்டு விரல்கள் கீழே. அம்பை அவள் கிள்ளவே இல்லை. அது நாணில் சும்மா உட்கார்ந்திருந்தது. இழுத்தாள். நாண் மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கன்னத்தைத் தொட்டது.

விரலை விட்டதும் அம்பு கோணலாகப் போய் ஒரு புதரில் விழுந்தது. நாண் முன்கையில் சுளீரென்று அடித்தது. ஆனால் அந்தப் புதர், அவள் அம்பு வழக்கமாக விழும் தூரத்தையும் தாண்டி வெகுதள்ளி இருந்தது.

"நாளைக்கே இப்படி எய்து அதைக் கொன்றுவிடுகிறேன்" என்றாள் சாம்பி.

"குறி தவறினால்? அம்பு எட்டும் என்று தெரிந்தபிறகு அது அந்தப் பாறைக்கு வருமா? வேறு எங்கே உட்காரும் என்று யார் சொல்லமுடியும்? உன் முதுகுக்குப் பின்னாலேயே உட்காரலாம்."

சாம்பி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லாதே" என்றான் முள்ளன். "தின்னப்பட்டவரின் குரல் அதற்கு வந்துவிடுகிறது. அவருக்குத் தெரிந்த ரகசியம் மட்டும் வராதா?"

அன்று முதல் சாம்பி காலையில் பள்ளத்தில் ஒரு கறையான் புற்றைக் குறிவைத்து மூன்று விரலால் எய்தாள். சாயங்காலம் குளக்கரையில் பழையபடி கிள்ளிப் பிடித்து எய்தாள். விரல்களில் தோல் உரிந்தது. பிறகு கொப்புளம் வந்தது. பிறகு கொப்புளமும் உடைந்து தோல் தடித்தது.

வலிகூடப் பெரிதில்லை. கைதான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சருகு சலசலத்தால் போதும், பதற்றத்தில் விரல்கள் தாமாகவே பழைய பிடிக்கு ஓடிவிடும்.

"உன் கைக்குப் பயம் வருகிறது. பயந்தால் அது தெரிந்த வீட்டுக்குள் ஓடி ஒளிகிறது" என்றான் முள்ளன். அவள் எய்யும்போதெல்லாம் பின்னாலிருந்து திடீரென்று முட்களை உதறிச் சத்தமிட்டான். சாம்பி திடுக்கிடுவாள், திட்டுவாள், மறுபடி விரல்களை வளைப்பாள்.

இதற்குள் கடமான் கிளையனின் குட்டியும் காணாமல் போயிற்று. கிளையன் அவசரக்காரன். குளக்கரையில் எல்லா விலங்குகளுக்கும் முன்னால் சாம்பியை வழிமறித்தான்.

"எட்டாது என்று தெரிந்தே தினமும் எய்கிறாயே, இது என்ன விளையாட்டா? உன் தங்கை போனாள், என் குட்டி போயிற்று. உனக்கு வெட்கமாக இல்லையா?"

சாம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேசமாட்டாயா? கோழை! நாளையிலிருந்து உன் கையில் வில் இருக்கக்கூடாது."

மற்ற விலங்குகளும் ஆமாம் என்றன. முள்ளன் வாயைத் திறக்கப் போனான். சாம்பி அவனைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். எதிர்க்கரையில் இரண்டு காதுகள் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன.

மறுநாள் பனி வழக்கத்தைவிட முன்னதாகவே இறங்கிவிட்டது. வில்லைப் பிடுங்கிக்கொள்ளக் கிளையன் வந்தான். அவன் கிட்டே வருவதற்குள் பாறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா. நான் எழுந்து நிற்கப் பழகிவிட்டேன். வந்து பாருங்களேன்."

கிளையன் அசையாமல் நின்றான். அவன் கண்களிலிருந்து வெளிச்சம் போய்விட்டது. வில்லை மறந்தான், சாம்பியை மறந்தான். கரையோரமாகச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.

"கிளையா, போகாதே!" என்று முள்ளன் கத்தினான். கிளையனுக்கு அது கேட்கவில்லை. ஒவ்வொரு அடியாக அவன் பனிக்குள் போனான். முதலில் கால்கள் மறைந்தன. பிறகு உடல். கொம்புகள் மட்டும் காய்ந்த மரம்போல் வெள்ளைக்குள் நகர்ந்துகொண்டிருந்தன.

சாம்பி அம்பை எடுத்தாள். நெஞ்சு அடித்த வேகத்தில் விரல்கள் கிள்ளிப் பிடித்துவிட்டன. அவள் அதைப் பார்த்தாள்.

"அக்கா" என்றது பாறை, "எய்யமாட்டாயா?"

அவள் பிடியை விட்டாள். அத்தனை அவசரத்திலும் ஒரு மூச்சு இழுத்து, கிளையில் தொங்குவதாக நினைத்துக்கொண்டு, மூன்று விரல்களையும் நாணில் மாட்டினாள். நாண் அவள் கன்னத்தைத் தொட்டது. இரண்டு காதுகளுக்கும் நடுவில் குறி வைத்து, விரல்களைத் தளர்த்தினாள்.

இந்தமுறை தண்ணீரில் சத்தம் கேட்கவில்லை.

பனிக்குள் காதுகள் சாய்ந்தன. பிறகு குரல்கள் வெளியே வந்தன. குட்டிமுயல், தாய்முயல், காட்டுக்கோழி, கிளையனின் குட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. இப்போது அவை யாரையும் கூப்பிடவில்லை. தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே குளத்தின்மேல் நடந்து கடந்துபோயின. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. ஒரு குரல் மட்டும் சாம்பியின் காதோரம் வந்து கொஞ்சநேரம் நின்றது. ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டது. பிறகு அதுவும் போய்விட்டது.

கடைசியாகப் பாறையிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு முனகல் வந்தது. கண் திறக்காத குட்டி பாலுக்கு அழுவதுபோல இருந்தது. அதுதான் கழுதைப்புலியின் சொந்தக் குரல். அது இரண்டுமுறை அழுது ஓய்ந்தது.

கிளையன் பாதிவழியில் விழித்துக்கொண்டு, திரும்பி வந்தான். சாம்பியின் முன் மண்டியிட்டான்.

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொல்லியிருந்தால், ரகசியம் கழுதைப்புலிக்கும் போயிருக்கும். இன்று அது அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்காது" என்றாள் சாம்பி.

அவன் கொம்பால் வில்லைத் தூக்கி அவள் தோளில் மாட்டிவிட்டான். அவளால் உதவமுடியவில்லை. வளைந்திருந்த மூன்று விரல்களும் நெடுநேரம் நிமிரவே இல்லை.

நீதி: நம் குறையை அளந்து வைத்திருக்கும் பகைவனிடம் கோபத்தைக் காட்டிப் பயனில்லை, குறையைத் திருத்தி, அந்தத் திருத்தம் கைக்குப் படியும்வரை ஏச்சையும் பொறுத்து மௌனமாகப் பழகுபவரே வெல்வார்.