இரும்பாயியின் நுரை

ஈரலுக்கும் வாய் இருந்த காலம் அது. ஆடு பேசும், ஆட்டின் ஈரல் பேசும், ஈரலுக்குள் கண்ணுக்கே தெரியாமல் அடுக்கடுக்காக இருந்த குட்டி வீடுகளும் பேசும். உயிரணு என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அந்த வீடுகள்தான்.

அப்படி ஒரு வீட்டில் இரும்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நாலு கை, கைக்கு ஓர் இரும்பு வளையம். வளையம் எதற்கு என்று அவளுக்கே தெரியாது. நாலு கை இருந்தும் ஒரு வேலைக்கும் ஆகாதவள் என்று வீட்டார் கேலி பேசுவார்கள். "எனக்குன்னு ஒரு வேலை வராமலா போயிடும்" என்று அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

வீட்டு நடுவில் அடுப்பு. அது எரிந்தால்தான் வீட்டுக்கு உயிர். ஆனால் எரிய எரிய, அடுப்போரம் ஒரு தண்ணீர் கசிந்தது. பார்த்தால் அசல் தண்ணீரேதான். யாரப்பா நீ என்று கேட்டால், "நானும் தண்ணிதாங்க, ஒரு மூச்சு கூட வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்று பணிவாகச் சொல்லும். தண்ணீர் வந்தால் வழிவிட்டு உள்ளே அழைப்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. மூச்சுத்தண்ணி என்று செல்லப்பெயர் வேறு வைத்தார்கள்.

அந்தக் கூடுதல் மூச்சுதான் வினை. அது பட்ட இடமெல்லாம் வெந்தது. சுவர் ஓட்டையானது. கடைசியில் வீட்டுத் தலைவர் கருவய்யா காத்துவந்த சுவடியின் ஓரமும் கருகியது. அடுத்த வீட்டை எப்படிக் கட்டுவது என்று எழுதியிருந்தது அந்த ஒரே சுவடியில்தான்.

கருவய்யா சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டார். "அடுப்பை அணைச்சிடுங்க. அது எரியுற வரைக்கும் இவன் வந்துக்கிட்டேதான் இருப்பான்."

"அணைச்சா பொழைப்போமாய்யா?" என்று கேட்டாள் இரும்பாயி.

"ரெண்டு நாள் தாங்கும்மா."

"மூணாம் நாள்?"

கருவய்யா அடுப்பை அணைக்கக் கிளம்பினார். இரும்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கையையும் விரித்து அடுப்பை மறித்து நின்றாள்.

"வெந்தும் சாக மாட்டேன், குளிர்ந்தும் சாக மாட்டேன். அவன்கிட்ட ஒரு மூச்சுதானே கூட இருக்கு? அதைப் பிடுங்கிடுறேன்."

"அவனைத் தொட்டவங்க யாரும் முழுசாத் திரும்பலம்மா."

"அவங்க கையில இரும்பு இல்லைங்கய்யா."

சொல்லி வாய் மூடவில்லை, மூச்சுத்தண்ணி ஒருவன் கசிந்து வந்தான். இரும்பாயி வளையத்தால் அவனை வளைத்துப் பிடித்தாள்.

"விடுக்கா, நான் தண்ணி."

"தண்ணியாத்தான் போவே. கூட இருக்கிறதை வச்சிட்டுப் போ."

பிடுங்கினாள். அவன் வெறும் தண்ணீராகி, சாதுவாக ஓடிப்போனான். ஆனால் பிடுங்கிய மூச்சு வளையத்திலேயே ஒட்டிக்கொண்டது. இரும்பு கனன்றது, கை சுட்டது. உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான்.

"கீழே போட்டுடும்மா" என்றார் கருவய்யா.

"போட்டா உங்க சுவடியைத்தான் கடிக்கும். போட மாட்டேன்."

அதற்குள் இரண்டாமவன் வந்துவிட்டான். அவள் படும் பாட்டைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு. "என் தம்பி மூச்சை வச்சுக்கவும் முடியல, எறியவும் முடியல. இப்ப என்னக்கா பண்ணப் போறே?"

தனியாக இருப்பதால்தானே இந்த மூச்சு கண்டதையும் கடிக்கிறது என்று இரும்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோடி கிடைத்தால் அது ஏன் கடிக்கப் போகிறது? மற்ற மூன்று கை சும்மா இருக்க, கனன்ற கையாலேயே அவனைப் பிடித்தாள்.

"உன்னைத்தான்டா எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவனுடைய மூச்சு பாய்ந்து வந்து வளையத்தில் இருந்த மூச்சைக் கட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து, ஆக்சிஜன் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அந்த வெறும் காற்றாகி, ஒரு குமிழாக மேலே போயின. இரண்டாமவனும் தண்ணீராக ஓடினான். வளையம் குளிர்ந்தது.

கருவய்யா கிட்ட வந்து அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேஞ்சுதாம்மா?"

"எள்ளளவும் தேயலைங்கய்யா. அடுத்தவனை வரச் சொல்லுங்க."

அடுப்பு அணையவில்லை. சேதி பரவி, அக்கம்பக்கத்து வீடுகளும், பிறகு மனிதர் உடம்பில் இருந்த வீடுகளும் தங்களுக்கு ஓர் இரும்பாயி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டன. படித்தவர்கள் அவளைக் கேட்டலேஸ் என்னும் நொதி என்கிறார்கள். என்ன பெயர் வைத்தாலும் அவள் குணம் அதேதான்.

புட்டியில் அடைத்த மூச்சுத்தண்ணியைப் பெராக்சைடு என்று சொல்லி இன்றும் புண்ணில் ஊற்றுகிறார்கள். வீடு இடிந்து கிடந்தாலும் இரும்பாயி எழுந்து வந்துவிடுகிறாள். பொசுபொசுவென்று அங்கே நுரைக்கிறதே, அது அன்று பிடித்த பிடிதான். ஒவ்வொரு குமிழும் அடுத்தவனை வரச் சொல்கிறது.